இரண்டு கோல் அடித்தவரின் விலை

2021 நவம்பர் 4 அன்று பஃபலோ சேபர்ஸ் அணி ஜாக் ஐக்கலை வேகாஸ் கோல்டன் நைட்ஸ் அணிக்குக் கைமாற்றியது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில், அதாவது பனித்தளத்தில் ஆடப்படும் ஐஸ் ஹாக்கியில், நெடுநாள் இழுபறிக்குப் பிறகு நடந்த கைமாற்றம் அது. ஐக்கலுக்கு அப்போது வயது 25. எட்டு மாதமாக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. கழுத்தெலும்புகளுக்கு இடையே டிஸ்க் பிதுங்கியிருந்தது. அறுவை சிகிச்சை இன்னும் நடக்கவில்லை. கடைசியாக ஆடிய 2020-21 சீசனில் 21 ஆட்டங்களில் அவர் அடித்தது 2 கோல். ஆண்டுக்கு 1 கோடி டாலர் என்ற கணக்கில், 2021-22 சீசனையும் சேர்த்து ஐந்து சீசன் ஒப்பந்தம் பாக்கி இருந்தது.

இப்படி ஒருவருக்கு என்ன விலை கொடுக்கலாம்? வேகாஸ் கொடுத்தது கொஞ்சமல்ல: அலெக்ஸ் டக் என்ற விங்கர், பெய்டன் கிரெப்ஸ் என்ற இளம் ஆட்டக்காரர், புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திர டிராஃப்டில் ஒரு முதல் சுற்று உரிமை, ஓர் இரண்டாம் சுற்று உரிமை. 2 கோலை மட்டும் பார்த்தவர்களுக்கு இது சூதாட்டமாகத் தெரிந்திருக்கும். அந்த 2 கோலுக்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்காது. விளையாட்டுப் புள்ளியியலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இந்தப் பிரித்துப் பார்த்தல்தான். ஒரு மனிதரின் பிழைப்பும் பெயரும் அதில் அடங்கியிருப்பதால் அதை அக்கறையோடு செய்ய வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். கோவிட் காரணமாக அந்த சீசன் 82 ஆட்டங்களிலிருந்து 56 ஆட்டங்களாகச் சுருக்கப்பட்டிருந்தது. மார்ச் 7 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில் எதிரணி ஆட்டக்காரர் மோதியதில் ஐக்கலுக்குக் கழுத்தில் அடிபட்டது. அதோடு அவருடைய சீசன் முடிந்தது. அப்படியானால் அந்த 21 ஆட்டங்களும் 2 கோலும் கழுத்து கெடுவதற்கு முந்தைய கணக்கு. காயம் பறித்தது மிச்சமிருந்த ஆட்டங்களை. கோல்கள் வற்றியதற்கு அந்தக் கழுத்து காரணமாக இருக்கவே முடியாது. 'காயத்தால் பாதிக்கப்பட்ட மோசமான சீசன்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும்போது இந்த இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆடாமல் போன ஆட்டம் ஒரு சங்கதி, ஆடிய ஆட்டத்தில் பலன் குறைந்தது வேறொரு சங்கதி. இரண்டுக்கும் காரணங்கள் வேறு, அடுத்த ஆண்டில் அவை திரும்பி வரும் விதமும் வேறு.

பலன் ஏன் குறைந்தது? ஐஸ் ஹாக்கியில் நல்ல ஃபார்வர்டு ஒருவர் கோலை நோக்கி அடிக்கும் ஷாட்களில் சுமார் பத்துக்கு ஒன்று கோலாகும். ஐக்கல் அந்த 21 ஆட்டங்களில் சுமார் 65 ஷாட் அடித்தார். மூன்று சதவீதமே கோலாயிற்று. பத்து சதவீதத் திறன் உள்ளவர் 65 ஷாட் அடித்தால் ஆறு அல்லது ஏழு கோல் எதிர்பார்க்கலாம். ஆனால் எதிர்பார்ப்பைச் சுற்றி எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு ஷாட்டையும் பத்தில் ஒரு வாய்ப்புள்ள குலுக்கலாக வைத்துக்கொண்டால் திட்ட விலக்கம் 2.4 கோல் வருகிறது. திறன் துளியும் குறையாத ஒருவருக்கு 2 கோலோ அதற்கும் குறைவாகவோ கிடைப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு மூன்றரை. அரிதுதான். ஆனால் அந்த ஆண்டு லீகில் 31 அணிகள், அணிக்கு 12 ஃபார்வர்டுகள் வீதம் ஓர் இரவில் களமிறங்கக்கூடியவர்கள் 372 பேர். எல்லோரும் இதே திறனும் இதே அளவு ஷாட்டும் உள்ளவர்கள் என்று வைத்தால், சுமார் பதின்மூன்று பேருக்கு இந்த வறட்சி எந்தக் காரணமும் இல்லாமல் வந்து சேரும். அவர்களில் ஒவ்வொருவரைப் பற்றியும் யாராவது ஒருவர் 'கை போய்விட்டது, மனம் போய்விட்டது' என்று ஒரு கதை எழுதுவார்.

ஷாட்கள் குலுக்கல் சீட்டு அல்ல, அடிக்கும் இடமும் கோணமும் வேகமும் முக்கியம் என்று யாராவது மறுக்கலாம். சரிதான். அதனால்தான் இப்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது அடிக்கப்பட்ட இடத்தையும் வகையையும் பார்த்து 'எதிர்பார்ப்புக் கோல்' என்று ஒரு மதிப்பு தருகிறார்கள். அந்த மதிப்பு பழையபடி இருந்து கோல் மட்டும் குறைந்தால், எதிரணி கோல்கீப்பரின் கையுறையும் கோல் கம்பியும் செய்த வேலை அது என்று கொள்ளலாம்.

இந்தக் கதையில் இயற்கையே ஓர் ஒப்பீட்டை ஏற்பாடு செய்துகொடுத்தது. அதே பஃபலோவில், அதே சீசனில், ஐக்கலோடு சேர்ந்து ஆட டெய்லர் ஹால் வந்திருந்தார். 2018-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதான ஹார்ட் கோப்பையை வாங்கியவர். பஃபலோவுக்கு அவர் ஆடிய 37 ஆட்டங்களில் எத்தனை கோல்? அவரும் 2. ஷாட்களில் 2.3 சதவீதம்தான் கோலாயின. அவருக்குக் கழுத்தில் ஒன்றுமில்லை. அணியின் நிலையோ மிக மோசம். தொடர்ந்து 18 ஆட்டங்களில் வெற்றியே இல்லாத அணி அது, லீகின் கடைசி இடத்தில் முடித்தது. ஏப்ரலில் ஹாலை பாஸ்டன் புருயின்ஸ் வாங்கியது. அங்கே 16 ஆட்டங்களில் 8 கோல். அதே மனிதர், அதே மட்டை, சில நாள் இடைவெளி. பிறகு அந்த வேகமும் நிற்கவில்லை. அடுத்த முழு சீசனில் 81 ஆட்டங்களில் 20 கோல் அடித்தார். ஏறத்தாழ அவருடைய உண்மையான அளவு அதுதான்.

அளவுக்கு மீறிப் போனது எதுவும் அடுத்த முறை நடுவை நோக்கி வருவதை 1886-ல் பிரான்சிஸ் கால்ட்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை வைத்து எழுதிக் காட்டினார். சராசரிக்குத் திரும்புதல் என்பது விளையாட்டில் தினமும் நடக்கிறது. பலரும் மறக்கும் ஓர் இடம் இதில் உண்டு: அது இரண்டு பக்கமும் வெட்டும். ஐக்கலின் வீழ்ச்சியை அளக்க எல்லோரும் 2019-20 சீசனை வைத்துக்கொண்டார்கள். அதில் 68 ஆட்டங்களில் 36 கோல், மொத்தம் 78 பாயிண்ட். (கோலுக்கு ஒரு பாயிண்ட், கோலுக்கு வழி செய்த அசிஸ்ட்டுக்கும் ஒரு பாயிண்ட், ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை அசிஸ்ட் பெறலாம்.) ஆனால் அந்த ஆண்டு அவருடைய ஷாட்களில் 16 சதவீதம் கோலாகியிருந்தது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் ஒன்பது, பத்து சதவீதம்தான். மிக நல்ல அதிர்ஷ்டம் அடித்த ஆண்டுக்குப் பக்கத்தில் மிகக் கெட்ட அதிர்ஷ்டம் அடித்த ஆண்டை நிறுத்தி அளந்தால், இடைவெளி பள்ளத்தாக்காகத்தான் தெரியும். காயத்துக்குப் பின் ஒருவரை மதிப்பிடும்போது அவருடைய உச்ச ஆண்டை அளவுகோலாக்குவது நான் அதிகம் காணும் அநியாயம்.

சரியான அளவுகோல் பழைய ஆண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தது. 2020-21-க்கு முன் ஐக்கல் 1,200-க்கும் அதிகமான ஷாட்கள் அடித்து 137 கோல் போட்டிருந்தார். ஏறத்தாழ 11 சதவீதம். அதோடு அந்த வறண்ட 65 ஷாட்களையும் 2 கோலையும் சேர்த்தால் சுமார் பத்தரை சதவீதம். ஒரு முழு சீசனின் அவப்பெயர் நம் மதிப்பீட்டை நகர்த்த வேண்டிய தூரம் இந்த அரை சதவீதம்தான். அண்மை ஆண்டுகளுக்குக் கூடுதல் எடை தருவது முறை. பேஸ்பால் ஆய்வாளர் டாம் டாங்கோ 'மார்செல்' என்ற எளிய கணிப்பு முறையில் கடைசி மூன்று ஆண்டுகளுக்கு 5, 4, 3 என்று எடை கொடுத்து, பிறகு மொத்தத்தையும் லீகின் சராசரியை நோக்கிச் சற்று இழுத்து, வயதுக்கு ஒரு திருத்தம் செய்தார். சுருங்கிய சீசனுக்கு அந்த முறையில் எடை தானாகவே குறைந்துவிடும். ஆட்டங்கள் குறைவென்றால் சாட்சியும் குறைவுதானே.

கோலை ஒதுக்கிவிட்டு மொத்தப் பாயிண்ட்டைப் பார்த்தால் இன்னொன்று கண்ணில் படும். 2020-21-ல் 21 ஆட்டங்களில் 2 கோலும் 16 அசிஸ்ட்டும்; ஆக 18 பாயிண்ட். ஆட்டத்துக்கு 0.857. லீகின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வேகாஸ் வென்ற 2022-23 சீசனில் ஐக்கல் 67 ஆட்டங்களில் 27 கோல், 39 அசிஸ்ட், ஆக 66 பாயிண்ட். ஆட்டத்துக்கு 0.985. இடைவெளி உண்டு, ஆனால் கோல் கணக்கு காட்டும் பள்ளத்தாக்கு இல்லை. ஒன்று தோற்றவரின் சீசன் என்றும் மற்றது வென்றவரின் சீசன் என்றும் நினைவில் நிற்கிறது. அசிஸ்ட்டிலும் அதிர்ஷ்டம் உண்டு, கூட்டாளி கோல் போட்டால்தான் அது கணக்கில் வரும் என்பதால் இதை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். ஆனாலும் பக் எனப்படும் ரப்பர் வட்டை எடுத்துக்கொண்டு போய் வாய்ப்புகளை உருவாக்கும் ஐக்கலின் வேலை அந்த மோசமான குளிர்காலத்திலும் நிற்கவில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

இனி மிச்சமிருப்பது உடம்பு. கோல் கணக்கைவிட இதுவே பெரிய கேள்வி. அதிர்ஷ்டம் தானாகத் திரும்பும், உடம்பு திரும்பும் என்று யாரும் எழுதித் தர முடியாது.

கழுத்தெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் அதிர்ச்சியைத் தாங்கும், தலையைத் திருப்ப இடம் தரும். அது பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலியும் மரப்பும் கைவரை இறங்கும். வழக்கமான அறுவை சிகிச்சையில் கெட்ட டிஸ்க்கை எடுத்துவிட்டு மேலும் கீழும் உள்ள எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடுவார்கள். உறுதியானது, பல காலம் செய்து பழகியது. ஆனால் அந்த இடத்தில் அசைவு போய்விடும், அதற்குரிய சுமையைப் பக்கத்து டிஸ்க்குகள் சுமக்கும். மற்ற முறையில் செயற்கை டிஸ்க் வைப்பார்கள், அசைவு மிஞ்சும். பஃபலோவின் மருத்துவர்கள் எலும்பு இணைப்பையே விரும்பினார்கள். ஐக்கல் செயற்கை டிஸ்க்கைக் கேட்டார். அதுவரை அந்த லீகில் எந்த ஆட்டக்காரரும் அதைச் செய்துகொண்டதில்லை. லீகின் தொழில் ஒப்பந்தப்படி சிகிச்சையில் கடைசி முடிவு அணியுடையது. இரு தரப்பும் இறங்கி வரவில்லை. செப்டம்பரில் ஐக்கலிடமிருந்து கேப்டன் பொறுப்பும் பறிக்கப்பட்டது.

ஒருவர் தன் கழுத்தில் என்ன வைக்கலாம் என்பதைச் சம்பளம் தருபவர் முடிவு செய்யும் அந்த விதி எனக்கு இன்றும் உறுத்துகிறது. விலை மதிப்பீட்டுக்கும் அது பொருத்தமானதே. எந்தச் சிகிச்சை என்பதைப் பொறுத்து ஆட்டக்காரரின் எதிர்காலமே மாறும் என்றால், அந்தச் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் அணிக்கு அவர் அதிக விலை பெறுவார். சம்மதிக்காத அணிக்குக் குறைந்த விலையே பெறுவார். ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு மதிப்பு. வேகாஸ் சம்மதித்தது. நவம்பர் 12 அன்று செயற்கை டிஸ்க் பொருத்தப்பட்டது. 2022 பிப்ரவரி 16 அன்று ஐக்கல் களமிறங்கினார்.

திரும்பி வந்த முதல் சீசனில் 34 ஆட்டங்களில் 25 பாயிண்ட். ஆட்டத்துக்கு 0.735. புதுமுக சீசனைத் தவிர, காயத்துக்கு முந்தைய எந்த சீசனோடு ஒப்பிட்டாலும் குறைவு. அப்போது சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எதைப் பார்த்து நம்புவது, எதைப் பார்த்து அஞ்சுவது? என் முறை இது. அடிபட்ட உறுப்பு எந்த வேலையைச் செய்கிறதோ அந்த வேலையின் எண்ணிக்கையைத் தேட வேண்டும். மணிக்கட்டு என்றால் ஷாட்டின் வேகம். இடுப்பு, தொடையிடுக்கு என்றால் சறுக்கும் வேகம், திசை மாற்றும் திடம். கழுத்து என்றால் முட்டி மோதும் இடத்துக்குள் நுழையத் துணிகிறாரா, தோளுக்குப் பின்னால் பார்த்து ஆடுகிறாரா என்பது. இவையெல்லாம் ஓர் இரவில் பல தடவை நடப்பவை. கோல் எப்போதோ நடப்பது. அடிக்கடி நடப்பதைக் குறைந்த ஆட்டங்களிலேயே நம்பகமாக அளக்க முடியும். ஆட்டத்துக்கு எத்தனை ஷாட், எங்கிருந்து, எத்தனை முறை பக்கைக் கையில் வைத்தபடியே எதிரணி எல்லைக்குள் நுழைந்தார் என்பவை சில வாரங்களில் ஓரளவு உண்மை சொல்லும். 2023 முதல் லீகே எட்ஜ் என்ற தளத்தில் ஒவ்வொருவரும் எத்தனை முறை மணிக்கு 20, 22 மைல் வேகத்தைத் தாண்டினார் என்பதைப் பொதுவில் வைக்கிறது. காயத்திலிருந்து வந்தவரை எடை போட இதைவிட நல்ல தரவு எனக்குத் தெரிந்து இல்லை.

காயத்தின் வகை எவ்வளவு முக்கியம் என்பதற்கு டாம்பா பே அணிக்கு ஆடிய ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் ஒருவரே போதும். 2011-12-ல் 60 கோல் அடித்தவர். 2013 நவம்பரில் பாஸ்டனில் கோல் கம்பத்தில் மோதி வலது கணுக்காலுக்கு மேலே உள்ள பெரிய எலும்பை முறித்துக்கொண்டார். அதற்குமுன் 17 ஆட்டங்களில் 14 கோல். மார்ச் மாதம் திரும்பி வந்து 20 ஆட்டங்களில் 11 கோல். பாயிண்ட் வேகம் நன்றாகவே குறைந்தது, ஆனால் அடுத்த சீசனில் 82 ஆட்டமும் ஆடி 43 கோல் போட்டார். 2016 நவம்பரில் முழங்கால் சவ்வு கிழிந்து 17 ஆட்டத்தோடு அந்த சீசனும் போயிற்று. ஆகப் பெரிய இரண்டு காயங்கள். அதன்பிறகு 2018-19-ல் 98 பாயிண்ட், 2021-22-ல் 106 பாயிண்ட். பாயிண்ட் கணக்கில் முந்தைய உச்சங்கள் எல்லாவற்றையும் தாண்டினார். முறிந்த எலும்பு ஒட்டினால் பெரும்பாலும் பழைய எலும்புதான்.

இப்படி மீண்டவர்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால் நான் பொய் சொன்னவனாவேன். சான் ஹோசே ஷார்க்ஸ் அணியின் ஜொனாதன் சீச்சூவை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. கனடாவின் மூஸ் ஃபேக்டரி என்ற சிற்றூரில் பிறந்த கிரீ பழங்குடி இளைஞர். 2005-06-ல் 56 கோல் அடித்து லீகிலேயே முதலிடம். அடுத்த ஆண்டு 37, அடுத்து 23, அடுத்து 12. இடையில் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் 'இந்த முறை உடம்பு சரியாகிவிட்டது, திரும்பி வந்துவிடுவார்' என்று சொல்ல நியாயம் இருந்தது. 2009-ல் ஒட்டாவாவுக்குப் போய் 61 ஆட்டங்களில் 5 கோல். 29 வயதில் அந்த லீகில் அவர் காலம் முடிந்தது. 56 என்ற எண்ணில் ஜோ தோர்ன்டன் என்ற மகத்தான பாஸ்காரரின் பங்கும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தன. ஆகவே ஓரளவு இறங்குவது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் சராசரிக்குத் திரும்புதல் ஒரு படி இறங்கி நின்றுவிடும். சீச்சூவின் படிகள் நிற்கவில்லை. ஒரு மோசமான ஆண்டைக் காயத்தின் கணக்கில் எழுதலாம். இரண்டாவது ஆண்டும் முழு எண்ணிக்கையில் ஆடியபின் அதே சரிவு தொடர்ந்தால், அது உடம்பின் புதிய நிலை என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, மனம் எவ்வளவு மறுத்தாலும்.

பணக் கணக்குக்கு வருவோம். 2021-22-ல் ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 8.15 கோடி டாலர். ஐக்கலின் 1 கோடி அதில் எட்டில் ஒரு பங்கு. ஆடாத ஆட்டத்தை அணிகள் சுழியமாக எண்ணிவிடுவது பிழை. நட்சத்திரம் இல்லாத இரவில் அந்த இடத்தில் அன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 7.5 லட்சம் டாலருக்கு ஒருவர் ஆடுவார். அவரும் ஏதோ கொஞ்சம் பலன் தருவார். ஆகவே 60 ஆட்டம் ஆடும் உயர்ந்த ஃபார்வர்டின் மதிப்பு என்பது அந்த 60 ஆட்டங்களில் மாற்று ஆளைவிட அவர் கூடுதலாகத் தருவது. இப்படிக் கணக்குப் போட்டால், 82 ஆட்டமும் தவறாமல் வரும் நடுத்தர ஆட்டக்காரரைவிட 60 ஆட்டம் மட்டும் ஆடும் சிறந்தவர் பெரும்பாலும் மேல். அதிலும் அணிகள் உண்மையில் விலை கொடுப்பது கோப்பையைத் தீர்மானிக்க ஏப்ரலில் தொடங்கும் பிளேஆஃப் ஆட்டங்களுக்கு. 2023-ல் ஐக்கல் 22 பிளேஆஃப் ஆட்டங்களில் 26 பாயிண்ட் எடுத்தார். அந்த ஆண்டு பிளேஆஃபில் அவரைவிட அதிகம் எடுத்தவர் யாருமில்லை. ஜூன் 13 அன்று வேகாஸ் கோப்பையை வென்றது.

அந்தக் கைமாற்றத்தின் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. பஃபலோ வாங்கிய அலெக்ஸ் டக்கும் அன்று காயக்காரர்தான். தோளில் அறுவை சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்தார். டிசம்பர் கடைசியில்தான் பஃபலோவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். 2022-23-ல் 74 ஆட்டங்களில் 36 கோல், 79 பாயிண்ட். அந்த ஆண்டின் பாயிண்ட் கணக்கில் ஐக்கலுக்கும் மேல். தோள் கெட்டுக்கிடந்த ஆளின் பழைய ஆட்டத்தைப் பார்த்து, அதற்குள் இன்னும் இருந்ததைப் படித்தவர்கள் பஃபலோவிலும் இருந்திருக்கிறார்கள்.

2025 அக்டோபரில் வேகாஸ் ஐக்கலோடு புதிய ஒப்பந்தம் போட்டது: எட்டு ஆண்டு, 10.8 கோடி டாலர். அதற்கு முந்தைய சீசனில் அவர் 77 ஆட்டங்களில் 94 பாயிண்ட் எடுத்திருந்தார். புதிய ஒப்பந்தம் 2026-27-ல் தொடங்கும்போது, முதல் மாதத்திலேயே அவருக்கு 30 வயது நிறைகிறது. முடியும்போது வயது 37. ஃபார்வர்டுகளின் ஆட்டம் இருபதுகளின் நடுவில் உச்சம் தொட்டு, முப்பதைக் கடந்தபின் சரியத் தொடங்குவதே வழக்கம். கழுத்தைவிட வயதே இனி கணக்கில் கனமான உருப்படி. அதற்கான சாட்சியை நான் கோல் பட்டியலில் தேட மாட்டேன்; 22 மைல் வேகத்தை அவர் எத்தனை இரவுகளில் தாண்டுகிறார் என்பதில்தான் தேடுவேன்.